தண்டச் சீட்டு கிடைத்தால் பயப்படாதீங்க

நம்மட களுதாவளையில் வெற்றிலையும் மரக்கறியும் கட்டிக்கொண்டு விடியக் காலையில் மோட்டார் சைக்கிளில் போகிற தம்பிமாருக்காகத்தான் இதை எழுதுறன். மட்டக்களப்பு – கல்முனை வீதியில் பொலிஸ் மறித்து, லைசன்ஸை வாங்கிவைத்துக்கொண்டு தண்டச் சீட்டைத் தந்தால் பலர் கலங்கிப்போறாங்க. சின்னக் குற்றத்துக்கு வழக்கு, கோடு என்று அலையத் தேவையில்லை.

சீட்டில் உள்ள தொகையை 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டுங்க. பற்றுச்சீட்டைச் சீட்டுத் தந்த பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். அந்த 14 நாளுக்கும் அந்தச் சீட்டே தற்காலிக அனுமதிப்பத்திரம், பத்திரமாக வைத்திருங்க. 14 நாள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பாகும். 28 நாளும் போனால் நீதிமன்றம்தான். அறுவடை நேரத்தில் நாள் ஓடுறதே தெரியாது, அதனால் வீட்டில் ஒருவரிடமாவது திகதியைச் சொல்லிவையுங்க.

சீட்டை வாங்கின இடத்திலேயே வாசியுங்க. எழுதியிருப்பது விளங்காவிட்டால் தமிழில் கேளுங்க. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி, கேட்பது நமது உரிமை. குற்றம் செய்யவில்லை என்று உறுதியாக நம்பினால், பணம் கட்டாமல் நீதிமன்றத்தில் சொல்ல இடமிருக்கு; ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுப் போங்க.

வீதியில் கைக்குள் காசு வைக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். லஞ்சம் வாங்குறவரைப் போலவே கொடுக்கிறவரும் குற்றவாளிதான். குடித்துவிட்டு ஓட்டினால் இந்தத் தபாற்கந்தோர் வழியே கிடையாது, நேரே நீதவான் முன்னால்தான் நிற்கணும்.