வீடு காட்டு படலம்

விழா மலருக்கு ஓர் இலக்கியக் கட்டுரை வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டனர். பழம்பாடல் ஒன்றை எடுத்து விளக்குவோம் என்றே யாமும் முதலில் அமர்ந்தோம். ஆனால் சென்ற ஆண்டு ஆவணி முதல் கார்த்திகை வரை எம் நெஞ்சை முழுவதும் பற்றிக்கொண்டிருந்தது ஒரு வீடு. அதனையன்றி வேறொன்றும் பேனாவுக்கு வர மறுக்கின்றது. அன்பர்கள் பொறுத்தருள்க. வீடொன்றை விற்கும்பொருட்டு அதனைத் திருத்திக் காட்டிய வரலாறே இது.

அவ்வீடு எம் அன்னையாரின் சீதனம். நான்கு பரப்புக் காணியில், நடுவே முற்றமும் நாற்புறமும் தாழ்வாரமும் உடைய நாற்சார் வீடு. (பரப்புக் கணக்கு அறியாத இளைஞர்க்காக: பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்.) ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பெற்ற தேசவழமை தாயின் சீதனத்தை மகளிர்க்கு உரியதாக வைத்தது. அவ்வழக்கை ஒட்டியே அன்னையாரும் வீட்டை எம் தங்கைக்கு நன்கொடை உறுதி எழுதிவைத்தார். தங்கை வாழ்வது கனடாவில், ரொறொன்ரோ நகரில். யாமோ மணஞ்செய்த நாள் முதல் மனைவியின் சீதன வீட்டில் இருக்கின்றோம். அன்னையார் மறைந்தபின் ஈராண்டு வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே ஒரு வீடு வாங்குதற்கு இங்கே உள்ளதை விற்கவேண்டும் என்றாள் தங்கை. அற்றோணித் தத்துவம் எம் பெயருக்கு வந்து சேர்ந்தது. ஆகவே, ஒரு சதமேனும் எமக்கு உரிமையில்லாத, ஆயினும் யாம் பிறந்து வளர்ந்த வீட்டை விற்கும் பொறுப்பு எமதாயிற்று.

கனடாவில் வீடு விற்பது தனிக்கலை போலும். விற்குமுன் வீட்டை ஒப்பனை செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டோர் அங்கு உளர். உள்ளவர் பொருள்களை அகற்றிவிட்டு, வாடகைக்கு எடுத்த தளபாடங்களைப் பரப்பிவைப்பார்களாம். குடும்பப் படம் ஒன்றும் சுவரில் இருத்தலாகாது. வாங்க வருபவர் அவ்வீட்டில் தம்மையே காணவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இவற்றையெல்லாம் தங்கை தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்ல, யாம் மாணவனைப் போற் குறித்துக்கொண்டோம்.

தந்தையாரின் படத்தைக் கழற்றியபொழுது அதன் பின்னே சுவர் நாற்சதுரமாகப் பழைய நிறத்தில் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பிற் கற்பித்துவரும் ஒன்று அப்பொழுது நினைவுக்கு வந்தது. பெறு என்பது பேறு ஆவதுபோல, கெடு என்பது கேடு ஆவதுபோல, விடு என்பதே வீடு ஆயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர். கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த உதாரணத்துக்குப் போய்விடுவது எம் வழக்கம். அன்று அவ்வளவு விரைவாக அப்பாற் செல்ல இயலவில்லை.

ஆடி கழிந்ததும் தரகர் வந்தார். தங்கையின் கலை முழுவதையும் அவர் ஒரு கைவீச்சில் ஒதுக்கினார். "மாஸ்ரர், படத்தைக் கழட்டினால் என்ன, விட்டால் என்ன? எங்கட சனம் முதலிலை கிணத்தைத்தான் எட்டிப் பார்க்கும். பிறகு உறுதி. அதுக்குப் பிறகுதான் வீடு" என்றார்.

அவர் கூற்று மெய்யே. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றில்லாத குடாநாடு இது. சுண்ணக்கற் பாறையினூடே இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதனையே யாம் கிணற்றில் அள்ளுகின்றோம். அளவின்றி இறைத்தால் உவர் மேலேறும். எனவே நீரைச் சுவைத்துப் பாராமல் இங்கு எவரும் முற்பணம் கொடார். புரட்டாதியில் நீர் வற்றியிருந்த வேளை பார்த்துக் கிணற்றை இறைத்துச் சேறு எடுப்பித்தோம். மூன்று வாளிகளும், நசுங்கிய பித்தளைச் செம்பு ஒன்றும் மேலே வந்தன. செம்பு எவ்வாண்டு விழுந்தது, அதற்காக எம்மில் யார் அடி வாங்கியது என்பதெல்லாம் எமக்கு நன்கு தெரியும். அடி வாங்கியவள் இப்பொழுது ரொறொன்ரோவில் இருக்கின்றாள்.

ஓடு மாற்றினோம். சிவப்புச் சீமெந்து நிலத்தைப் பொச்சுமட்டை கொண்டு முகம் தெரியுமளவும் தேய்ப்பித்தோம். அடுக்களைச் சுவரில் அன்னையார் கரியாற் கீறிவைத்த பாற்கணக்குக் கோடுகள் இருந்தன. ஒருமுறை பூச்சுப் பூச அவை மங்கலாய்த் தெரிந்தன. இருமுறை பூசியும் தெரிந்தன. மூன்றாம் முறையில் மறைந்தன.

இனிச் சொல்வது சொல்லுதற்கு நாணமானது.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்களோடு மக்களாக யாமும் அவ்வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். அப்பொழுது எமக்குப் பதினைந்து வயது. அடுத்த ஆண்டு மீண்டபொழுது தென்புறக் கூரையில் எறிகணை விழுந்த துளை இருந்தது. அதன்வழியே ஒரு மாரி முழுவதும் மழை உள்ளே பெய்திருந்தது. தந்தையார் ஓடு போட்டு அடைத்தார்; ஆனால் அத்தாழ்வாரத்தைத் தாங்கும் பனை வளை நீரூறிப் போயிருந்தது. பிற்காலத்தில் அதனுட் கறையான் ஏறிற்று. வெளியே கருமை மாறாமல் இருக்கும். விரலால் தட்டினால் வெற்றுப் பெட்டியின் ஓசை கேட்கும்.

வளையை மாற்றுவதாயின் கூரையின் ஒருபக்கம் முழுவதையும் இறக்கவேண்டும். தரகர், மேசனாரைக் கொண்டு துவாரங்களை அடைப்பித்து, மேலே கறுப்பு வர்ணம் பூசுவித்தார். "பழசு எண்டு சொல்லாதேங்கோ, பழமை எண்டு சொல்லுங்கோ" என்று சிரித்தார். யாம் ஒன்றும் சொல்லவில்லை. தங்கையின் பணம், எமது அன்று. அதனைக் குறைக்க எமக்கு என்ன அதிகாரம் என்று உள்ளுக்குள் ஒரு நியாயமும் அமைத்துக்கொண்டோம். தமிழாசிரியனுக்கு நியாயங்களுக்கா பஞ்சம்?

வேலை முடிந்ததும் நிழற்படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினோம். நெடுநேரம் மறுமொழி இல்லை. இரவு அழைத்தாள். "நல்லா இருக்கு அண்ணா. ஆனா ஆற்றையோ வீடு மாதிரி இருக்கு" என்றாள். அவ்வாறு இருக்கவேண்டும் என்பதுதானே அவள் கேட்டது. யாம் அதனைச் சொல்லிக் காட்டவில்லை.

முதலில் வந்தவர் கொழும்பிலிருந்து வந்த செல்வர். வீட்டினுள் நுழையவேயில்லை, வீதி முகப்பை அடியளந்துவிட்டு, இடித்து மாடிக் கட்டடம் எழுப்ப எவ்வளவு செல்லும் எனத் தரகரை வினாவினார். அடுத்து வந்த முதிய தம்பதியர் நீர் அருந்தினர், தலைவாசலின் திசை கேட்டனர், அயலவர் யாவர் என்று கேட்டனர். நாள் பார்த்துச் சொல்வதாகச் சென்றவர் பின் வரவில்லை.

மூன்றாமவர் மனைவியோடும் சிறு மகளோடும் வந்தார். எம்மைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். நம் கல்லூரியில் எம்மிடம் இலக்கணம் கற்றவர். இப்பொழுது அரச அலுவலர். வங்கிக் கடனை நம்பியே வந்திருந்தார். குழந்தை முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரத்தில் ஓடியது. அவர் உறுதியைக் கையிலும் வாங்கவில்லை. மேலே கூரையை ஒருமுறை பார்த்து, "சேர் இருந்த வீடு. நீங்கள் நல்லது எண்டு சொன்னால் எனக்குப் போதும்" என்றார்.

தரகர் எம் முகத்தைப் பார்த்தார். குழந்தை அப்பொழுது தென்புறத் தாழ்வாரத்தின்கீழ் நின்றது.

யாம் ஏணியைக் கொண்டுவரச் செய்தோம். அவரை ஏறச்சொல்லி, "தட்டிப் பாரும்" என்றோம். தட்டினார். மீண்டும் தட்டினார். கீழே இறங்கி, கையில் ஒட்டிய கறுப்பு வர்ணத்தைப் பார்த்துக்கொண்டு சற்றுநேரம் பேசாமல் நின்றார். அதனைப் பூசுவித்ததும் எமக்குத் தெரிந்தே என்று சொன்னோம். இரண்டாவதைச் சொல்வதே முதலாவதிலும் கடினமாயிருந்தது.

விலையில் ஆறு இலட்சம் குறைந்தது. தரகர் எம்மோடு இன்றுவரை முகங்கொடுத்துப் பேசுவதில்லை. தங்கை இரண்டு கிழமை தொலைபேசி எடுக்கவில்லை, எடுத்தபொழுதும் முதற்கேள்வி, "உங்கட வீடு எண்டால் குறைச்சிருப்பீங்களோ?" என்பதுதான். ஆம் என்றோம். அவள் நம்பினாளோ அறியோம். எம் வைப்பிலிருந்து அத்தொகையின் ஒரு பகுதியை அனுப்பினோம், திருப்பி அனுப்பிவிட்டாள். அது கோபமா அன்பா என்பது இன்னும் எமக்கு விளங்கவில்லை.

கார்த்திகை மழைக்கு முன்பே வளையை மாற்றிவிட வேண்டுமென அவர் விரைந்தார். அன்று எம்மையும் அழைத்திருந்தார். பழைய வளையை இறக்கும்பொழுது அது நிலந்தொடு முன்னரே இரண்டாக முறிந்தது. உள்ளே மரம் என்று சொல்லத்தக்கது ஒரு விரற்கடை கனமே இருந்தது; எஞ்சியது மண். மேசனார் அதனைக் காலால் ஒதுக்கிவிட்டுப் புதிய வளைக்குக் கயிறு கட்டினார். ஏணியைப் பிடிக்க ஓராள் வேண்டும் என்றார். யாம் சால்வையை மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு, போய்ப் பிடித்துக்கொண்டோம்.