பிறந்த வீட்டிலிருந்து ஒருத்தி

குயின்ஸ், நியூயார்க்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்த முறை ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் 'ஆல் இன் த ஃபேமிலி'. 1971 ஜனவரி 12 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கி 1979 வரை ஓடியது. தொடர்ந்து ஐந்து பருவங்கள் அமெரிக்காவில் மிக அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி இதுதான். கதை நடப்பது நான் குடியிருக்கும் குயின்ஸில். தொடக்கக் காட்சியில் வரும் வீடு கிளெண்டேல் பகுதியில், கூப்பர் அவென்யூவில் இருக்கிறது. இந்தப் பக்கம் எங்கும் காணக்கூடிய, ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும் சின்ன மாடி வீடு.

வீட்டுத் தலைவர் ஆர்ச்சி பங்கர், லாரிகளில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் மேஸ்திரி. கூடத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலி. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. (அதுவும் பக்கத்தில் கிடந்த எடித்தின் நாற்காலியும் 1978 முதல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.) மனைவி எடித். மகள் குளோரியா. அவள் கணவன் மைக் வீட்டோடு மாப்பிள்ளை. கல்லூரியில் சமூகவியல் படிக்கிறான், சம்பாத்தியம் இல்லை, சாப்பாடு மாமனார் கணக்கில். மாமனார் வாயைத் திறந்தால் கறுப்பர், யூதர், போலந்துக்காரர் என்று யாருக்காவது வசவு விழும். மாப்பிள்ளை தட்டில் கை வைத்துக்கொண்டே எதிர்த்துப் பேசுவான். வியட்நாம் போர் அந்தச் சாப்பாட்டு மேசையிலும் நடந்தது.

இந்தத் தொடரைப் பற்றி எழுதியவர்கள் அநேகமாக அரசியலைத்தான் எழுதினார்கள். அது நியாயம்தான். எனக்கோ அதில் வந்து தங்கும் உறவுக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1971-இல் தொடங்கிய இரண்டாம் பருவத்திலேயே அப்படி இருவர் வருகிறார்கள். ஒருவர் கணவன் வழி, ஒருவர் மனைவி வழி.

கணவன் வழியில் வந்தவன் ஆஸ்கர், ஆர்ச்சிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். பருவத்தின் முதல் அத்தியாயம் அவனுடையது. வந்தவன் போகிற வழியாகத் தெரியவில்லை. உண்பதும் மாடியில் உறங்குவதுமாகக் கிடக்கிறான். ஆர்ச்சி அவனை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று கறுவிக்கொண்டிருக்கும்போது அவன் மாடியிலேயே செத்துக்கிடக்கிறான். அடக்கச் செலவு என்றதும் சொந்தபந்தம் ஒவ்வொன்றாக நழுவுகிறது; பாரம் ஆர்ச்சி தலையில் விழுகிறது. சாவு வீட்டில் யார் பணம் எடுப்பது என்ற அந்தப் பேச்சு எந்த ஊருக்கும் பொருந்தும். ஆனால் ஆஸ்கரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆர்ச்சியின் எரிச்சலைவிட எடித்தின் கால்கள்தான் கண்முன் வருகின்றன. எடித்தாக நடித்த ஜீன் ஸ்டேப்பிள்டன் அவளுக்கு ஓர் ஓட்டம் கொடுத்திருந்தார். நடையும் இல்லாத, முழு ஓட்டமும் இல்லாத, சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே ஒரு பதைப்பு. கணவன் கூப்பிட்டால் அந்த ஓட்டம், மணி அடித்தால் அந்த ஓட்டம், பீர் கேட்டால் அந்த ஓட்டம். விருந்தாளி எவ்வளவு பெரிய தொல்லை என்று ஆர்ச்சி புலம்புவார். அந்தத் தொல்லைக்குச் சோறு போட்டது யார் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.

அவள் ஏதாவது சொல்ல வந்தால் ஆர்ச்சி ஒரே சொல்லில் அடக்கிவிடுவார். தொடரை உருவாக்கிய நார்மன் லியர், தன் அப்பா அம்மாவை அடக்கிய சொல்லே அது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2023-இல் 101 வயதில் மறைந்தார். தன் வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்த அதட்டலை நாடு முழுவதற்கும் கேட்கவைத்தவர் அவர்.

இப்போது மனைவி வழியில் வந்த மோடுக்கு வருகிறேன். 1971 டிசம்பர் 11 அன்று ஒளிபரப்பான அத்தியாயம். பங்கர் வீட்டில் ஃப்ளூ காய்ச்சல். பார்த்துக்கொள்ள எடித்தின் ஒன்றுவிட்ட சகோதரி மோட் வந்து இறங்குகிறாள். நடித்தவர் பீ ஆர்தர். நல்ல உயரம், ஆண்குரலுக்குப் பக்கத்தில் நிற்கும் கட்டைக் குரல், பிராட்வே மேடையில் பழகிய உடம்பு. 'மேம்' இசை நாடகத்துக்காக 1966-இல் டோனி விருது பெற்றவர். 'ஆல் இன் த ஃபேமிலி' பார்வையாளர்கள் முன்னிலையில் நடித்துப் பதிவானது. அவர் பேசி முடித்துக் காத்திருக்கும் அந்த ஒரு நொடியில் அரங்கம் குலுங்குவது செயற்கைச் சிரிப்பு அல்ல.

மோட் அந்த வீட்டில் செய்யாத அதிகாரம் இல்லை. எழுப்புவது அவள், சாப்பிடச் சொல்வது அவள், பேச்சை முடிப்பதும் அவள். ஆர்ச்சியால் வெளியே போ என்று சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதில்தான் அந்த அத்தியாயத்தின் உயிரே இருக்கிறது என்பேன். ஆஸ்கர் மாதிரி அவள் சோற்றுக்கு வந்தவள் இல்லை. அடுப்பும் நோயாளிகளும் அவள் கையில் இருக்கிறார்கள். பாடுபடுகிறவளுக்கு வரும் அதிகாரம் அது. தன் வீட்டில் தனக்கு மட்டுமே அதிகாரம் என்று இருந்த மனிதருக்கு, வேலை செய்து சம்பாதித்த அதிகாரம் எப்படி இருக்கும் என்று யாரும் அதுவரை காட்டியதில்லை.

அதோடு பழைய பகையும் இருக்கிறது. எடித் இவரைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று அன்றைக்கே எதிர்த்தவள் மோட். அது இருவருக்கும் மறக்கவில்லை. ஆனாலும் நேரடியாக அதைப் பேசாமல் ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட் பேரைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். ஆர்ச்சி ரூஸ்வெல்ட்டைத் திட்ட, மோடுக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒரு விஷயத்தை இங்கே நினைவில் வைக்க வேண்டும். முதியோருக்கு ஓய்வூதியம் தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 1935-இல் கையெழுத்திட்டவர் ரூஸ்வெல்ட். மூட்டை ஏற்றும் இடத்தில் உழைத்துத் தேயும் ஆர்ச்சி போன்றவருக்குக் கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றப்போவது அந்தச் சட்டம்தான். ரூஸ்வெல்ட்டைத் திட்டுகிறவர் தொழிலாளி. தாங்குகிறவள் வசதியான புறநகர்க்காரி. அமெரிக்க அரசியலில் பின்னால் வந்த பெரிய தலைகீழ் மாற்றம் ஒன்று ஒரு கூடத்து வாய்ச்சண்டையில் அன்றே தெரிந்துவிட்டது.

அடங்காத விருந்தாளி என்றால் நாம் வீட்டுக்காரர் பக்கம் நின்று சிரித்துப் பழகியவர்கள். நம் நகைச்சுவை நாடகங்களிலும் பெட்டியோடு வந்து இறங்கும் மாமியாரும் மச்சானும் கேலிக்கு ஆளாகிறவர்களே. எனக்கு மோடைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது, கூடவே ஒரு நிம்மதியும் வருகிறது. பிறந்த வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்து நின்றால் பெண்ணுக்கு ஒரு தெம்பு வரும். எடித்துக்காக அந்த வீட்டில் குரல் உயர்த்த, மகளும் மாப்பிள்ளையும் இருந்தும், வெளியிலிருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் நியாயமெல்லாம் தெரியும்; மாமியார் நின்றுகொண்டே இருப்பது எப்போதாவதுதான் அவன் கண்ணில் படும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாகப் படுகிறது என்றால், இதே குயின்ஸில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஆர்ச்சி பயந்த புதியவர்களில் நாமும் உண்டு. 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்த பிறகு நம்மவர்கள் இங்கே வந்து குவிந்த காலமும் இந்தத் தொடர் ஓடிய காலமும் ஒன்று. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்தபோது ஆர்ச்சி இன்னும் திரையில் திட்டிக்கொண்டிருந்தார். இன்று அந்தக் கோயிலில் குளிர்கால மதியத்தில் போய் நின்றால், ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திய அம்மாக்களைக் காணலாம். மகளின் பிரசவத்துக்கு வந்தவர்கள். வருகையாளர் விசாவில் வந்தவர்களுக்கு விமான நிலையத்தில் பெரும்பாலும் ஆறு மாதம் தங்க அனுமதி கொடுக்கிறார்கள். பெண்ணின் அம்மா ஆறு மாதம், அவர் கிளம்பியதும் பையனின் அம்மா ஆறு மாதம் என்று முறை வைத்துக்கொள்ளும் வீடுகள் ஏராளம்.

எங்கள் கட்டடத்தில் ஒரு கும்பகோணத்து அம்மா வந்திருக்கிறார். பிரசவ லேகியம் தனக்கெனத் தனி டப்பாவில் வந்தது. பூண்டு உரிப்பது, பத்தியக் குழம்பு வைப்பது, வீட்டுச் சூட்டை ஏற்றி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. "மாப்பிள்ளை, அந்த ஜன்னலைச் சாத்திடுங்கோ, குழந்தைக்கு ஆகாது" என்பார். சொல்லில் மரியாதை குறையாது, சொன்னது நடந்தாக வேண்டும். அந்தப் பையன் என்னிடம் மாடிப்படியில் நின்று குறைப்பட்டான்: சொந்த அடுக்களையில் காபி போடக்கூடப் பயமாக இருக்கிறதாம். அவன் கஷ்டம் உண்மைதான். அவன் மனைவி பிள்ளை பெற்றதிலிருந்து மதியத்தில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவதும் உண்மை.

மோடின் கதை அந்த ஓர் அத்தியாயத்தோடு முடியவில்லை. 1972 மார்ச்சில் ஆர்ச்சியும் எடித்தும் மோடின் மகள் கல்யாணத்துக்காக அவள் வசிக்கும் புறநகரான டக்கஹோவுக்குப் போகிறார்கள். இந்தத் தடவை விருந்தாளி ஆர்ச்சி. அதே ஆண்டு செப்டம்பரில் 'மோட்' என்று தனித் தொடரே வந்து 1978 வரை நடந்தது. நான்காம் கணவன் வால்டர், பெரிய வீடு, பெரிய வாய். அமெரிக்கா பேசத் தயங்கிய கருக்கலைப்பை 1972 நவம்பரில் அந்தத் தொடர் பேசியது. அதன் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் தன் வீட்டில் அதிகாரம் செய்யும் மோட் எனக்கு அத்தனை பிடித்தவள் இல்லை. அங்கே அவள் தனக்காகப் பேசுகிறாள். எடித் வீட்டில் எடித்துக்காகப் பேசினாள்.

அந்த டிசம்பர் அத்தியாயம் உங்கள் கைக்கு எட்டினால் பாருங்கள். ரூஸ்வெல்ட் சண்டை சூடு பிடிக்கும்போது, கத்துகிற இருவரையும் விட்டுவிட்டு எடித்தைக் கவனியுங்கள்.

அன்புடன்,
உங்கள் குயின்ஸ்வாசி