பரண்மேல் ஒரு கலயம்

காரிமங்கலத்துச் செவ்வாய்ச் சந்தைக்கு என் தாயார் கொண்டுசென்ற தக்காளி பார்வைக்கு அழகானதன்று. தட்டையாய், காம்படியில் பள்ளம் விழுந்து, வரிவரியாய் இருக்கும். தோலோ மிக மெல்லியது. கூடையின் அடியில் கிடப்பவை சந்தை சேருமுன்பே நசுங்கிவிடும். ஆயினும் புளியே சேர்க்காமல் அதனைக் கொண்டு இரசம் வைக்கலாம்.

நாட்டுத் தக்காளி என்போம். உண்மையில் அது தென் அமெரிக்காவில் தோன்றி, ஐரோப்பியர் வழியாக வந்த பயிர். முந்தைய தலைமுறையினர் சீமைத்தக்காளி என்றே அழைத்தனர். வீட்டிலேயே விதை எடுத்து எடுத்துத்தான் அந்த அந்நியனை நாம் உறவினனாக்கிக்கொண்டோம்.

நோயற்ற செடி ஒன்றில் துணி முடிந்து தாயார் அடையாளம் வைப்பார். அதன் பழத்தை நாங்கள் பறித்தால் முதுகில் அடி விழும். செடியிலேயே கனிந்ததைப் பிசைந்து, சட்டியில் இரண்டு நாள் புளிக்க விடுவார். விதையைப் போர்த்திய வழுவழுப்பு முளைப்பைத் தடுக்கும், அது நீங்கவேண்டும். பின்பு கழுவி, மிதக்கும் சொத்தைகளைக் களைந்து, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்திக் கலயத்தில் இட்டுப் பரணேற்றுவார்.

எல்லாக் காய்க்கும் இது கைகூடாது. பீட்ரூட் முதலில் கிழங்கு வைக்கும். குளிர் கண்ட பிறகே பூத்து விதை தரும். உதகை ஆராய்ச்சி நிலையத்தின் 'ஊட்டி 1' இரகம் நீலகிரிக் குளிரில் விதை பிடிக்கும். எங்கள் வெயிலில் அது நடவாது. ஆதலால் அதன் விதையை விலைக்கு வாங்குவதில் எங்களுக்கு வெட்கமில்லை. தக்காளிக்கு அத்தகைய சாக்குச் சொல்ல இயலாது.

1988-இல் நடுவணரசின் புதிய விதைக் கொள்கை வந்தது. அதன்பின் கடைகளில் வீரிய ஒட்டு விதைகள் பெருகின. தொண்ணூறுகளின் நடுவில் நானும் வாங்கினேன். தடித்த தோல்; லாரியில் தொலைதூரம் போனாலும் குலையாது; விளைச்சலும் மிகுதி. அந்தப் பணத்தில்தான் என் தங்கையின் திருமணம் நடந்தது. குறைகூற எனக்கு வாயில்லை.

தாயார் வழக்கம்போல் அதிலும் நல்ல பழம் பார்த்து விதை எடுத்தார். மறுபோகத்தில் ஒரு செடி நெடியது, ஒன்று குட்டை. ஒன்றின் பழம் உருண்டை, மற்றொன்றினது நீளம். வீரிய ஒட்டின் அடுத்த தலைமுறை தாயைப்போல் அமைவதில்லை என்பது அன்று எனக்கும் தெரியாது. தம் கைப்பிசகென்றே அவர் எண்ணிக்கொண்டார். அதன்பின் அவர் விதை எடுக்கவேயில்லை.

பிற்காலத்தில், உழவர் தம் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது என்று படித்தேன். பரண் நினைவுக்கு வந்தது.

2007-இல் தாயார் மறைந்தபின் அதைத் துப்புரவு செய்கையில் கலயம் அகப்பட்டது. வாய்த்துணி இற்றுப்போயிருந்தது, சாம்பலுக்குள் ஒரு பிடி விதை. பாத்தி கட்டி விதைத்து, இருபது நாள் நீர் தெளித்தேன். ஒன்றும் முளைக்கவில்லை.

இன்றும் சந்தையில் கூடை வைத்திருக்கும் பாட்டிகளிடம் நின்று, தக்காளிகளைப் புரட்டிப் பார்க்கிறேன். தட்டையாய், பள்ளம் விழுந்து ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் விலை கேட்பதில்லை.