ஜீப் வண்டியின் விலை

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதித் தருக என மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய யாம் சங்கச் செய்யுளிலோ இலக்கணத்திலோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். எமது எண்ணமும் அதுவாகவே இருந்தது. ஆனால் கடந்த ஓராண்டுக்கு மேலாக எமது மேசைமீது இலக்கண நூல்களுக்கு அடியிற் கிடப்பது ஒரு வண்டிக் கணக்கு. மனத்தில் உள்ளதை விட்டு வேறொன்றை எழுத முனைந்தால் எழுத்து உயிர் பெறுவதில்லை என்று மாணவர்க்குப் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் யாம், அவ்விதியை இங்கு மீறுதல் தகாது. ஆதலின் ஜீப் வண்டியைப் பற்றியே எழுதுகின்றோம்.

எமது இளவல் கட்டார் நாட்டில் மின் வேலை செய்பவர். அவரும் இக்கல்லூரி விடுதியில் உண்டு பயின்றவரே. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், ஐந்து ஆண்டுகளாக மூடிக் கிடந்த வாகன இறக்குமதி தனியார்க்கு மீண்டும் திறக்கப்பட்டது. அந்தக் கிழமையே அவர் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணே, அப்பாவுக்குப் புது ஜீப் ஒன்று வாங்கப் போகிறேன். நாலு சில்லும் இழுக்கிற வண்டி. கணக்கை நீங்கள் பாருங்கள்” என்றார். கணக்கில் எமக்குக் கல்லூரிக் காலத்திலேயே நற்பெயர் இருந்ததில்லை என்பதை அக்கால ஆசிரியர்கள் அறிவர். எனினும் மூத்தவன் என்ற முறையிற் பென்சிலை எடுத்தோம்.

எமது வீடு கொட்டகலை நகரிலிருந்து மேலே செல்லும் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் உள்ளது. ஹற்றனிலிருந்து நுவரெலியா செல்லும் பெருந்தெரு கண்ணாடி போன்ற காபற் வீதி. அதனை விட்டுத் தோட்டத்துக்குட் புகுந்தால், கொழுந்து மடுவம் வரை ஒருவாறு பாதை என்று சொல்லலாம். அதற்கு மேல் உள்ளது பாதையன்று. மழைநீர் தனக்கென வெட்டிக்கொண்ட வாய்க்கால். அதன் வழியே யாமும் செல்ல அது இடந்தருகின்றது, அவ்வளவே. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வருகின்ற இலவச நோயாளர் வண்டி நாட்டுக்குக் கிடைத்த பெரும்பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் அதுவும் கொழுந்து மடுவத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து லயங்கள் வரை உள்ள இரண்டு மைல் தூரத்துக்குத்தான் இளவல் வண்டி தேடினார்.

முதலில் விலை. கொழும்பில் வாகன வியாபாரஞ் செய்யும் எமது வகுப்புத் தோழர் ஒருவர் தமது காட்சியறையிற் சிறிய ஜிம்னி வண்டியொன்றைக் காட்டினார். யப்பானியச் சுசுக்கி நிறுவனம் 1970 முதல் செய்துவரும் இனம் அது. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மேல் ஏற்றிய உடல்; நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும்; மலையேற்றத்துக்கெனத் தாழ்ந்த பற்சக்கரமும் உண்டு. அத்தாழ்ந்த பற்சக்கரம் எதற்கு எனின், இயந்திரம் விரைந்து சுழலச் சில்லு மெல்லச் சுழலும். வேகம் குறைந்த அளவுக்கு இழுவை மிகும். இறக்கத்திலும் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிறேக் சூடேறிக் கைவிடாது. எமது மலைகளில் ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே ஆபத்து என்பதைத் தோட்டத்துச் சாரதிகளைக் கேட்டால் தெரியும்.

வண்டி நன்று. விலையோ ஒரு கோடி ரூபாவுக்கு மேல். தொழிற்சாலையிற் கொடுக்கும் விலை அன்று அது. சுங்கத் தீர்வை, அதன்மேல் மேல்வரி, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கும் உற்பத்தி வரி, இவையெல்லாஞ் சேர்ந்தபின் அக்கூட்டுத்தொகையின் மீது 18 வீதப் பெறுமதிசேர் வரி என, வரிக்கு வரி கட்டும் விந்தை அது. அந்நியச் செலாவணி இல்லாது நாடு 2022 இல் தவித்த தவிப்பை அறிந்தவர்கள், கப்பலில் வரும் வண்டிக்கு அரசு ஏன் இவ்வளவு வேலி கட்டுகின்றது என்று சினந்துகொள்ள மாட்டார்கள். யாமும் சினந்துகொள்ளவில்லை. மலைத்தோம்.

ஒரு கோடி என்பதை எழுதும்பொழுது ஏழு சுழியங்கள். எமக்கு அது விளங்கவில்லை. ஆதலின் எமக்கு விளங்கும் அளவை ஒன்றால் அளந்தோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பர். 2024 செப்டெம்பரில் ஒரு பேருக்கு 1350 ரூபா எனச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில் ஒரு கோடி ரூபா 7400 பேருக்கு மேல். மாதம் 25 நாள் தவறாது மலைக்குச் சென்று, நிறை குறைந்ததென்று ஒரு நாளும் அரைப்பேர் போடப்படாது, பெற்றதில் ஒரு சதமும் உண்ணாது சேர்த்தால், ஒரு தாய் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் அவ்வண்டியை வாங்கலாம். இந்தக் கணக்கை இளவலுக்கு அனுப்பினோம். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “அண்ணே, நான் சேர்த்தது அம்மாவின் பேரை விற்று அல்ல, என் பதினாலு வருஷத்தை விற்று” என்றார். எமது கணக்கிற் பிழையில்லை. ஆயினும் அதை அனுப்பியது பிழை.

அவர் ஏன் இவ்வண்டிமேல் இத்துணை விருப்பங்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குப் பழைய கதையொன்றுக்குச் செல்ல வேண்டியிருக்கின்றது.

எந்தையார் தோட்டத்துச் சாரதி. பெரியதுரையின் லாண்ட் ரோவர் வண்டியை 26 ஆண்டுகள் ஓட்டியவர். லாண்ட் ரோவர் என்பது இரண்டாம் உலகப் போரின் ஜீப்பைப் பார்த்து ஆங்கிலேயர் உழவர்க்கெனச் செய்த வண்டி. 1948 ஏப்ரல் 30 இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. போருக்குப் பின் உருக்குக்குப் பங்கீடு இருந்தமையால் உடலை அலுமினியத் தகட்டாற் செய்தனர். வேறு வழியின்றிச் செய்த அதுவே மழை நாடுகளில் அவ்வண்டி துருப்பிடியாது நிலைப்பதற்குக் காரணமாயிற்று. உழவனுக்குப் பிறந்த வண்டி எமது மலைக்கு வந்தபொழுது துரையின் வண்டியாயிற்று. எமது சிறுவயதில் அதன் ஒலி வளைவிற் கேட்டாலே மலையிற் பேச்சு அடங்கும். எந்தையார் அதன் ஒவ்வோர் ஆணியையும் அறிவார். ஆயினும் எம் வீட்டார் ஒருவரும் அதில் ஏறியதில்லை.

1988 ஆம் ஆண்டு, ஆடி மாதத்து மழை. எமக்கு வயது எட்டு. நள்ளிரவுக்குச் சற்று முன் தாயாருக்கு நோவு கண்டது. பெரியதுரை கொழும்புக்குச் சென்றிருந்தார்; வண்டி பங்களாக் கொட்டகையில் நின்றது; அதன் சாவி எந்தையாரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் சின்னத்துரையின் வாசலுக்கு ஓடிச் சென்று கேட்டார். பெரியதுரையின் உத்தரவின்றி வண்டியை எடுக்கலாகாது என்பதே விடை. கொழுந்து ஏற்றும் லொறியின் சாரதியை எழுப்பி, ஈரச் சாக்குகளின் மேற் கம்பளியை விரித்துத் தாயாரைக் கிடத்திக் கொண்டுசென்றனர். வைத்தியசாலைக்குப் போய்ச் சேருமுன், வழியிலேயே லொறியிற் பிறந்தவர்தான் எமது இளவல். தாயார் பிழைத்தார், ஆனால் அன்று இழந்த இரத்தம் அவர் காலமாகும் வரை ஈடாகவில்லை. மறுநாட் காலை ஆறு மணிக்கு எந்தையார் வழக்கம்போற் சென்று லாண்ட் ரோவரைக் கழுவினார்.

இதை எந்தையார் எம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை. தாயார் சொல்லியே அறிவோம். இளவலும் அவ்வாறே அறிந்தவர். “அப்பா முன் சீட்டிலேயே இருந்து காலத்தைக் கழித்துவிட்டார். ஒரு நாளாவது பின் சீட்டில் இருந்து, இன்னொருவன் ஓட்டப் போகவேண்டும். அதுவும் புது வண்டியில்” என்பது அவர் சொல். இதற்கு எமது பென்சிலில் விடையில்லை.

எனினும் கணக்குப் பார்க்குமாறு எம்மை ஏவியவர் அவரே. ஆதலின் விலையை விடுத்து வண்டியின் பயனை நோக்கினோம். அங்கேதான் எமக்குத் தடை எழுந்தது. கொழும்பில் யாம் கண்ட ஜிம்னியில் நால்வரே இருக்கலாம். ஏறி இருந்து பார்த்தோம், முழங்கால் இடித்தது. நோயுற்ற ஒருவரை அதிற் படுக்கவைக்க இயலாது. உட்காரக்கூடிய நோயாளி பெரும்பாலும் முச்சக்கர வண்டியிலும் போய்விடுவார். படுத்த நோயாளிக்கே மலைவண்டி வேண்டும். எந்தையார் ஓட்டிய பழைய நீண்ட வண்டியின் பின்புறம் இருபக்கமும் வாங்குகள். நடுவில் ஒருவரைத் தாராளமாகக் கிடத்தலாம். கிடத்தியிருக்கலாம் என்பதே சரி. பெரிய வண்டிகளோ பல கோடி விலை. சென்ற பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குப் புதிய டிஃபென்டரில் வந்த நண்பர் ஒருவர், அது முழங்காலளவைக் கடந்த வெள்ளத்திலும் செல்லும் என்று பெருமையுடன் சொன்னார். கொட்டகலைக்கு ஒருமுறை வாரும் என்றோம். அந்தப் பாதைக்கு வந்தால் பூச்சில் கீறல் விழுமே என்றார். அவர் மேற் குற்றமில்லை. அத்துணை விலை கொடுத்தவன் கீறலுக்கு அஞ்சத்தான் செய்வான். விலை ஏற ஏற, வண்டி எதற்கெனச் செய்யப்பட்டதோ அதற்குப் பயன்படாது போகின்றது.

இவ்வாறு யாம் இழுத்தும் இளவல் தள்ளியும் இருக்கையில், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைநாடு பட்ட பாட்டை இங்கு விரித்தல் வேண்டா. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைகள் சரிந்து லயங்களை மூடின. புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது. எமது தோட்டப் பாதையும் இடையில் ஓரிடத்தில், ஏறத்தாழ இருபது முழத்துக்கு, அடியோடு கீழே போயிற்று. அதற்கு மறுநாள் மேல் லயத்தில் ஒரு மூதாட்டிக்கு மூச்சு முட்டியது. இளைஞர்கள் கம்பளியை மூங்கிலிற் கட்டித் தொட்டிலாக்கித் தூக்கினர். யாமும் ஒரு புறம் தோள் கொடுத்தோம். ஒரு மைல் தூரம் சேற்றிற் சறுக்கிச் சறுக்கிச் சென்று, சரிவைக் கயிறு பிடித்துக் கடந்து, அப்பால் நின்ற முச்சக்கர வண்டியில் ஏற்றினோம். மூதாட்டி பிழைத்துக்கொண்டார்.

அன்றிரவு தோள்நோவுடன் படுத்திருக்கையில் இரண்டு உண்மைகள் தோன்றின. பாதையே இல்லாத இடத்தில் எந்த வண்டியும் செல்லாது. நான்கு சில்லும் இழுப்பதற்கு மண் வேண்டும். இது எமது கட்சிக்குச் சார்பு. ஆனால் லயத்திலிருந்து சரிவு வரை உள்ள அந்த ஒரு மைலுக்கு, மலைவண்டி ஒன்று மேலே எம்மிடம் நின்றிருந்தால் மூதாட்டி பாதி நேரத்திற் சென்றிருப்பார். இது இளவலின் கட்சிக்குச் சார்பு. வண்டி வேண்டும் என்பதை அன்று ஒப்புக்கொண்டோம்.

டார்ஜிலிங் தேயிலை நாட்டில், மானேபஞ்சாங் என்ற சிற்றூரிலிருந்து சந்தக்பூ மலைமுடிக்குப் பழைய லாண்ட் ரோவர்களே நெடுங்காலம் ஓடின என்று படித்திருக்கின்றோம். தோட்டத் துரைமார் விட்டுச் சென்றவை எனச் சொல்லப்படும் அவற்றை அவ்வூர் மக்களே வாங்கி, கழன்றதைக் கட்டி, உடைந்ததை ஒட்டி, அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட்டினர். எமது மலைகளிற் பல வண்டிகள் கொட்டகையிலேயே கிடந்து இரும்புக் கடைக்குப் போயின. எந்தையார் ஓட்டியதும் அவ்வாறே போயிற்று.

கடைசியில் எந்தையாரிடமே கேட்டோம். அதுவரை அவரைக் கேட்கவேண்டும் என்று எங்கள் இருவர்க்கும் தோன்றாதது வியப்பே. வயது 78, காதும் சற்று மந்தம். இளவலைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, ஜிம்னியின் படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். எத்தனை சி.சி. என்றார், சொன்னோம். டீசலா, பெற்றோலா என்றார், பெற்றோல் என்றோம், முகம் சுளித்தார். பின்பு, “வாங்கினா சாவி யாருகிட்ட இருக்கும்?” என்று கேட்டார்.

இளவல் மறுமுனையில் ஒன்றும் சொல்லவில்லை. யாமும் சொல்லவில்லை. ஒரு கோடி ரூபா வண்டியின் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை எங்கள் கணக்கு எதிலும் யாம் எழுதியிருக்கவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டுவதே முறை; காப்புறுதியும் அதையே வேண்டும்.

இரண்டு கிழமை கழித்து இளவலே முடிவைச் சொன்னார். பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிய டீசல் கெப் வண்டியொன்றை ஹற்றனில் வாங்கினோம். நாலு சில்லும் இழுக்கும். பின்தட்டிற் கூடாரம் போட்டு மெத்தை விரிக்கலாம். இறக்குமதி தடைப்பட்டிருந்த ஆண்டுகளிற் பழைய வண்டிகளும் பொன் விலைக்கு ஏறிவிட்டமையால் அதுவும் மலிவன்று. ஆயினும் புதியதன் விலையிற் பாதியை எட்டவில்லை. மிஞ்சிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, மிகச் செங்குத்தான வளைவில் இரண்டு சில்லுகளும் ஓடும் தடத்துக்கு மட்டுமேனும் கொங்கிறீற்று இடலாம் என்று லயத்தார் கூடிப் பேசியுள்ளனர். கல்லும் உழைப்பும் அவர்களுடையவை. தோட்டத்தாரின் அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருக்கின்றோம்.

சாவி எமது வீட்டு வாசல் நிலையில், வெளிப்புறத்தில், ஓர் ஆணியில் தொங்குகின்றது. ஆணியை அடித்தவர் எந்தையார். சாரதி அனுமதிப்பத்திரம் உள்ள மூவரின் பெயர்களை அதன் பக்கத்திற் சுண்ணக்கட்டியால் எழுதினோம், மழைச்சாரல் அழித்துவிடுகிறது, ஞாயிறுதோறும் திரும்ப எழுதுகின்றோம். எரிபொருளுக்கென ஒரு பிஸ்கற் தகரம் வைத்துள்ளோம். அது பெரும்பாலும் குறையிலேயே நிற்கின்றது. குறையை இளவல் கட்டாரிலிருந்து நிரப்புகின்றார்.

அவர் விடுமுறையில் வரும்பொழுது எந்தையாரைப் பின் ஆசனத்தில் இருத்தி நுவரெலியா வரை ஓட்டிச் செல்லப் போகின்றாராம். புது வண்டிப் பேச்சையும் அவர் இன்னும் விடவில்லை.