பரண்மேல் கிடந்த மூடி

பிள்ளையார்பட்டியில், கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரப்பட்டறை. செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் பர்மா தேக்கை அறுத்து, கதவும் நிலையும் செய்வார்கள். அங்கே வட்ட ரம்பத்தில் உத்தரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார் ஒரு தச்சர். மரத்துக்குள் புதைந்திருந்த பழைய ஆணியில் ரம்பம் பட்டது. மரம் எகிற, கை ரம்பத்தின் மேல் சரிந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டுமே மிஞ்சியது.

அவரது வழக்கறிஞராக நான் தொழிலாளர் துணை ஆணையர் முன் இழப்பீட்டு மனுப் போட்டேன். எதிர்த்தரப்பு இரண்டு வாதம் வைத்தது. ரம்பத்தின் மூடியை அவரே வேண்டுமென்று கழற்றினார், ஆகவே இழப்பீடு கிடையாது. கிடைத்தாலும், நான்கு விரல் இழப்புக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி 50 சதவீத ஊனம்தான்.

குறுக்கு விசாரணையில் பட்டறைக்காரரிடம் மூடி எங்கே என்று கேட்டேன்.

“பரண்மேல கிடக்குங்க. அதைப் போட்டா மரம் சட்டுன்னு ஓடாது.”

“எப்போதிருந்து?”

“மெஷின் வாங்கின புதுசுலேர்ந்து.”

சட்டத்திலும் எங்களுக்கு வழி இருந்தது. விபத்துக்கு முன் செய்யமுடிந்த எந்த வேலையையும் ஒருவரால் இனிச் செய்ய முடியாவிட்டால் அது முழு ஊனம். பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா வழக்கும் ஒரு தச்சருடையதே. 1968இல் கீழே விழுந்து இடது கையை இழந்தவர் அவர். ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது என்று, 100 சதவீத இழப்பை உச்ச நீதிமன்றம் 1975இல் உறுதிசெய்தது. என் கட்சிக்காரர் இழந்ததோ வலது கையின் நான்கு விரல்கள். ஆணையர் முழு ஊனம் என்று ஏற்றார். அதோடு மூடி வாதமும் விழுந்தது. மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த எதிர்வாதம் எடுபடாது. முழு ஊனத்தை அந்த விதிவிலக்கில் சேர்த்தது 1995 திருத்தம். 12 சதவீத வட்டியோடு உத்தரவு வந்தது.

வழக்கு ஜெயித்தது. விரல்களைக் காத்திருக்கக்கூடிய வேலைகளோ மிகச் சிறியவை. பழைய மரத்தை ரம்பத்தில் ஏற்றுமுன் காந்தம் வைத்து ஆணி தேடிப் பிடுங்கவேண்டும். ரம்பத்துக்கு மூடி வேண்டும். அறுபட்ட மரம் ரம்பத்தைக் கவ்வாதிருக்கப் பின்னால் ஒரு தகடு வேண்டும். கடைசி முழத்தைக் கையால் தள்ளாமல் ஒரு குச்சியால் தள்ளவேண்டும்.

பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைக்குப் பெரும்பாலும் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதில்லை. அங்கே முதலாளிதான் ஆய்வாளர். களைத்த மனிதன் கவனம் தவறுவான். அந்தத் தவறுக்குக் கை விலையாகாமல் பார்த்துக்கொள்வது அவர் கடமை.