9,000 ரூபாய் மதர்போர்டும் புலம்புகிற வைஃபை கார்டும்

பி.காம் படிக்கிறவனுக்கும் லினக்ஸ் கெர்னலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். லினக்ஸ் தன் பதிவேட்டுக்கு வைத்திருக்கிற பெயரே ஜர்னல்தான். நம்ம அக்கவுண்டன்சி ஜர்னல் மாதிரியே தேதி, நேரம், யார், என்ன என்று நடந்த வரிசையில் எழுதிக்கொண்டே போகும். டெபிட், கிரெடிட் மட்டும் கிடையாது. ஆக, பாதிப் பாடம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும் :-)

மேட்டருக்கு வருவோம். கூடப் படிக்கிற நண்பன் ஒருவன் சாயங்காலங்களில் ஒரு ஆடிட்டருக்கு ஜிஎஸ்டி பில் ஏற்றிக் கொடுக்கிறான். பில்லுக்கு இவ்வளவு என்று காசு, அதில்தான் அவன் பஸ் பாஸ், பரீட்சை ஃபீஸ் எல்லாம். பழைய லேப்டாப். பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, எப்போதும் சார்ஜரிலேயே தொங்கும். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1 போடுகிறவர்களுக்கு 11ஆம் தேதி கெடு. 8ஆம் தேதி ராத்திரி லேப்டாப் படுத்துவிட்டது. பாஸ்வேர்ட் கேட்கும், கொடுத்தால் ஒரு விநாடி இருட்டாகி மறுபடியும் பாஸ்வேர்டையே கேட்கும். கறுப்புத் திரைக்குப் போனால் 'பிசிஐஇ பஸ் எரர்' என்று வரிவரியாக ஓடுகிறது, நிற்கவே இல்லை.

மறுநாள் காலை ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் ஓடுகிற வரிகளை ஒரு நிமிஷம் பார்த்தார். "பஸ் எரர்னா போர்டுதான் தம்பி. 9,000 ஆகும்" என்றார். அந்த லேப்டாப்பை அவன் வாங்கியதே 11,000க்கு! பேசாமல் ஆடிட்டரிடம் முடியாது என்று சொல்லிவிடலாமா என்கிற முடிவோடுதான் என்னிடம் வந்தான்.

அந்த வரியைக் கடைசி வரை படித்தால் அதிலேயே பதில் இருக்கிறது. 'சிவியாரிட்டி: கரெக்டட்' என்று எழுதியிருக்கிறது. அதாவது தப்பு நடந்தது, திருத்தியும் ஆகிவிட்டது. பிசிஐஇ என்பது வைஃபை கார்டு போன்ற உள் உறுப்புகள் பிராசசரோடு பேசுகிற பாதை. அதில் போகிற ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு வரிசை எண்ணும் ஒரு சரிபார்ப்புக் கூட்டுத்தொகையும் உண்டு. கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை என்றால் வாங்குகிறவர் திருப்பிக் கேட்பார், அனுப்பினவர் மறுபடி அனுப்புவார். இத்தனையும் ஹார்ட்வேருக்குள்ளேயே முடிந்துவிடும், தகவல் ஒன்றும் தொலையாது. கெர்னலுக்கு வருவது அந்தச் செய்தி மட்டும்தான். அதே வரியில் 'அன்கரெக்டட்' என்றோ 'ஃபேட்டல்' என்றோ இருந்திருந்தால் நானும் போர்டைப் பற்றி யோசித்திருப்பேன்.

சரி, தீங்கில்லாத புலம்பல் என்றால் லேப்டாப் ஏன் படுத்தது? அங்கேதான் வேடிக்கை. ஒவ்வொரு புலம்பலுக்கும் நாலைந்து வரி. அது ஜர்னலில் ஒரு தடவை, சிஸ்லாக் ஃபைலில் ஒரு தடவை, கெர்னல் லாக் ஃபைலில் இன்னொரு தடவை. விநாடிக்குப் பல முறை, நாள் முழுக்க. லாக் ஃபோல்டரை அளந்தால் 61 ஜிபி! டிஸ்க்கில் ஒரு எம்பி கூட மிச்சமில்லை. லாகின் ஆகும்போது எழுத வேண்டிய ஒரு குட்டி ஃபைலை எழுத இடமில்லாமல்தான் திரும்பத் திரும்ப பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறது. மதர்போர்டு பாவம், அது சும்மா இருந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயம். இந்த மாதிரி நேரத்தில் லாக் ஃபைலை டெலீட் செய்தால் இடம் உடனே கிடைக்காது. எழுதிக்கொண்டிருக்கிற புரோகிராம் அதைத் திறந்தே வைத்திருக்கும், அது விடுகிற வரை இடமும் விடுபடாது. ஃபைலை அப்படியே விட்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்ய வேண்டும். அதற்கு 'ட்ரங்கேட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதைச் செய்ததும் லேப்டாப் ஒன்றும் நடக்காதது போல லாகின் ஆனது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் புலம்பல் நிற்கவில்லையே. இணையத்தில் தேடினால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது, பூட் ஆகும்போது 'நோஏஇஆர்' என்று ஒரு வார்த்தை சேர் என்பது. அது பிழை அறிவிக்கிற ஏற்பாட்டையே அணைத்துவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. திருத்திய பிழையோடு சேர்த்துத் திருத்த முடியாத பிழையின் வாயையும் அடைக்கிற வேலை அது. சின்னச் சின்ன வித்தியாசத்தை ஆடிட்டர் விட்டுவிடலாம், லெட்ஜரையே பூட்டி வைக்கச் சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? இன்னொரு வழி, மின்சாரம் மிச்சப்படுத்த அந்தப் பாதையை அவ்வப்போது தூங்க வைக்கிற ஏஎஸ்பிஎம் என்ற வசதியை நிறுத்துவது. பல லேப்டாப்களில் பாதை தூங்கி எழுகிற நேரத்தில்தான் இந்தத் தடுமாற்றமே வருகிறது. நிறுத்தினால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும். நம்ம ஆளுக்குத்தான் பேட்டரியே இல்லையே! நிறுத்தினோம். புலம்பலும் நின்றது. கையோடு ஜர்னல் 200 எம்பிக்கு மேல் வளராதபடி ஒரு வரம்பும் போட்டோம்.

இத்தோடு முடிந்தது என்று டீ குடிக்கப் போயிருப்போம். சத்தம் அடங்கிய ஜர்னலை ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்தேன். கெர்னல் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உண்டு. 0 என்றால் வீடு தீப்பற்றி எரிகிறது, 7 என்றால் சும்மா வாய் பேசுகிறது. 3ஆம் நிலையும் அதற்குக் கீழும் மட்டும் காட்டு என்று கேட்டதில் அரைப் பக்கம்தான் வந்தது. அதில் மூன்று வரி ஹார்ட் டிஸ்க் பற்றியது. 'ஐஓ எரர்', கூடவே ஒரு செக்டார் எண். டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையைக் கேட்டால், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் 24 என்றது. இதில் 'கரெக்டட்' என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. 61 ஜிபி குப்பைக்கு அடியில் இந்த மூன்று வரியை யார் பார்த்திருக்க முடியும்?

பில்கள் இருந்த ஃபோல்டரை அன்றைக்கே பென் டிரைவில் எடுத்தோம். 10ஆம் தேதி ராத்திரி ஆடிட்டருக்கு ஷீட் போய்விட்டது. அடுத்த வாரம் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போட்டான். கடைக்காரர் சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை.

விண்டோஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள், டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016 என்று ஒரு எண் வரிசையாக நிற்கும். அது எதிர்பார்த்த ஒன்றுதான், கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் இந்த மாதிரிச் செய்திகளைக் காட்டியே ஒரு கூட்டம் பிழைத்தது. 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்' என்று போன் போட்டு, ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, உள்ளே தெரிகிற சிவப்புக் குறிகளைக் காட்டிப் பணம் கறப்பார்கள். 2012இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இப்படிப்பட்ட ஆறு கூட்டங்கள் மேல் வழக்குப் போட்டது. பெரும்பாலானவை நம்ம இந்தியாவிலிருந்து நடந்தவை. என்னத்தைச் சொல்ல...

நண்பனின் லேப்டாப்பில் இன்னமும் பூட் ஆகும்போது நாலு வரி வருகிறது. ஏசிபிஐ பயாஸ் எரர், ஏதோ ஒரு பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று. பயாஸ் எழுதினவர்கள் அட்டவணையில் இல்லாத ஒன்றைக் குறிப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு தடவை சொல்லிவிட்டு அடங்கிவிடும். பயாஸ் அப்டேட் போட்டால் போகலாம். பேட்டரி இல்லாத லேப்டாப்பில், எங்க ஊர் கரண்டை நம்பி அதைச் செய்ய இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை. நாலு வரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.