குறுந்தோணிக்கு ஒரு பாய்

காயல்பட்டினத்தில் பழைய ஃபைபர் கயாக் ஒன்று என் கைக்கு வந்தது. துடுப்பு வலித்துச் சலித்த நான், மூங்கிலை நட்டு முக்கோணப் பாய் கட்டினேன். “தம்பி, ஒரு காற்றுக்கு இது தாங்காது” என்றார் காக்கா. கேட்டேனா? தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், முதல் வீச்சிலேயே கவிழ்ந்தேன். மிதவைச் சட்டை காப்பாற்றியது. உம்மா மூன்று நாள்கள் என்னோடு பேசவில்லை.

குறுகிய உடல் நீரைக் கிழித்து விரையும். ஆனால் பாய் சாய்க்கும் விசையை அது தாங்காது. இலங்கை மீனவர்கள் ‘ஒரு’ என்னும் தோணிக்குப் பக்கவாட்டில் மிதவை கட்டுவார்கள். அதனை எப்போதும் காற்று வரும் பக்கமே வைத்து, திரும்பும்போது முன்னைப் பின்னாக்கி ஓட்டுவார்கள். எனக்கு அந்தத் திறமை ஏது? முனைகள் அடைத்த பி.வி.சி. குழாய்களை இருபுறமும் குறுக்குக் கழிகளில் பிணைத்தேன்.

1876இல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டையுடல் படகால் நியூயார்க் போட்டியில் பெரும் படகுகளை முந்தினார். அவ்வகைப் படகுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் ‘கட்டுமரம்’ தந்தது!

மறுமுறை கயிற்று முடிச்சுகளைக் காக்காவே இழுத்துப் பார்த்தார். வள்ளத்தில் துணைக்கும் வந்தார். சிறிது நேரத்தில் வள்ளம் பின்தங்கியது. திரும்பிப் பார்த்தேன், கரையில் உம்மா நின்றிருந்தார்கள்.